பொடி விஷயம்

1924ம் வருஷம், அக்டோபர் 30. நியூயார்க்கில் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி அலுவலகத்தில் நிருபர்கள் கூடியிருந்தார்கள். எதிரே தாமஸ் மிட்ஜ்லி. ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சியாளர். ஒரு பாட்டிலைத் திறந்தார். உள்ளே இருந்த திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். அப்புறம் பாட்டிலை மூக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் மூச்சை உள்ளே இழுத்தார். தினசரி இப்படிச் செய்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

ஏற்கெனவே ஆகியிருந்தது. முந்தைய வருஷம்தான் அதே திரவத்தால் உடம்பு கெட்டு, லீவு போட்டுவிட்டுத் தெற்கே ஃப்ளோரிடா பக்கம் ஓய்வெடுத்துவிட்டு வந்திருந்தார். அந்த விஷயத்தை நிருபர்களிடம் அவர் சொல்லவில்லை.

கூட்டம் எதற்கு? நியூஜெர்சியில் பேவே என்கிற இடத்தில் அதே கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலை. அங்கே இந்தத் திரவத்தைத் தயாரித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் திடீரென்று இல்லாததையெல்லாம் இருப்பதாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். கத்தினார்கள். சிலரைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. ஒரு வாரத்துக்குள் ஐந்து பேர் செத்துப்போனார்கள். ஆலையில் அதற்கு ஏற்கெனவே ஒரு பட்டப்பெயர் உண்டு. பைத்தியக்கார வாயு.

திரவத்தின் பெயர் டெட்ரா எத்தில் லெட். சுருக்கமாக, ஈயம். பெட்ரோலில் கலப்பதற்கு.

பெட்ரோலில் எதற்கய்யா ஈயம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்தக் காலத்து பெட்ரோல் ரொம்ப அவசரக்கார ஆசாமி. இன்ஜினுக்குள் பிஸ்டன் மேலே வந்து அழுத்தி, பிளக் பொறி விட்டு, அதற்குப் பிறகு ஒழுங்காக எரியவேண்டும். ஆனால் பொறி வைத்தது பரவி வருவதற்குள், மிச்சம் இருக்கிற பெட்ரோல் அழுத்தம் தாங்காமல் தானே வெடித்துவிடும். டொக் டொக்கென்று இன்ஜின் அடிக்கும். மெக்கானிக்குகள் பாஷையில் நாக்கிங். வண்டி இழுக்காது. பிஸ்டனும் போய்விடும். இப்படித் தானாக வெடிக்காமல் தாக்குப்பிடிக்கிற குணத்துக்கு ஒரு மதிப்பெண் உண்டு. அதுதான் ஆக்டேன். ஒரு காலனுக்கு ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக ஈயக் கலவையை விட்டால் போதும், மதிப்பெண் ஜிவ்வென்று ஏறியது. இதை 1921ல் கண்டுபிடித்தவர் மிட்ஜ்லி. 1923ல் விற்பனை. ஜெனரல் மோட்டார்ஸும் ஸ்டாண்டர்ட் ஆயிலும் கூட்டுச் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார்கள். பெயரில் ஈயம் என்கிற வார்த்தையே வராது. வெறும் 'எத்தில்'.

ஐந்து பேர் இறந்தார்கள் அல்லவா? விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள். 1925ல் மாநாடு போட்டார்கள். கமிட்டி உட்கார்ந்தது. தடை செய்யப் போதுமான காரணம் இல்லை என்று 1926ல் எழுந்தது. மறுபடி விற்பனை. அதன்பிறகு ஐம்பது வருஷத்துக்கு அசைக்க ஆளில்லை. உலகத்தில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை வால்பக்கம் ஈயத்தைத் தூவிக்கொண்டே ஓடின. தெருவில் விளையாடிய குழந்தைகள் அதைச் சுவாசித்தன. ஈயம் முதலில் போய் உட்காருகிற இடங்களில் ஒன்று, வளர்கிற குழந்தையின் மூளை.

கடைசியில் அதைச் சாலையிலிருந்து இறக்கியது யார்? மருத்துவர்கள் போராடினார்கள், வாஸ்தவம். கிளேர் பேட்டர்சன் என்கிற விஞ்ஞானி 1965லிருந்து தொண்டை வறளக் கத்தினார். ஹெர்பர்ட் நீடில்மேன் குழந்தைகளின் பால் பற்களைச் சேகரித்து, ஈயம் ஏற ஏறப் படிப்பு இறங்குகிறது என்று 1979ல் காட்டினார். ஆனால் முதல் பலமான அடியைக் கொடுத்தது ஒரு பொடி. நுண்ணிய ஓட்டைகள் உள்ள ஒரு பொடி. அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பிளாட்டினத் துணுக்குகள்.

அந்தப் பொடியின் கதைக்கு இரண்டு கதாநாயகர்கள். இரண்டு பேரும் பிழைக்க அமெரிக்கா வந்தவர்கள்.

முதல் ஆள் யூஜின் ஹூட்ரி. பிரெஞ்சுக்காரர். 1892ல் பாரிசுக்குப் பக்கத்தில் தோமோன் என்கிற ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு இரும்பு எஃகு வியாபாரம். பையன் மெக்கானிகல் இன்ஜினீயரிங்கில் தங்கப்பதக்கம். கால்பந்து வீரன் வேறு. முதல் உலகப்போரில் டாங்கிப் படை. 1917ல் பலத்த காயம். பதக்கங்கள். போர் முடிந்து வந்தவருக்குக் கார் பந்தயத்தில் பைத்தியம் பிடித்தது. வேகமாக ஓட்டவேண்டுமென்றால் நல்ல பெட்ரோல் வேண்டுமே? பிரான்சில் எண்ணெய் கிடையாது. மட்டமான பழுப்பு நிலக்கரி உண்டு. நீஸ் நகரத்து வேதியியல்காரர் ஒருவர் அதிலிருந்து பெட்ரோல் எடுக்க வழி இருக்கிறது என்று சொல்ல, ஹூட்ரி குடும்பச் சொத்தோடு உள்ளே குதித்துவிட்டார்.

நிலக்கரித் திட்டம் படுத்துவிட்டது. செய்ய முடிந்தது, கட்டுப்படி ஆகவில்லை. 1929ல் கட்டிய ஆலையை அரசாங்கமே கைவிட்டது. ஆனால் அந்தத் தோல்விக்கு நடுவில் ஹூட்ரி ஒரு காரியம் செய்திருந்தார். நூற்றுக்கணக்கான பொருள்களைக் கிரியா ஊக்கியாகப் போட்டுப் பார்த்ததில் ஒன்று நன்றாக வேலை செய்தது. சிலிக்காவும் அலுமினாவும் சேர்ந்த களிமண். வெறும் மண்!

கிரியா ஊக்கி என்றால் கல்யாணத் தரகர் மாதிரி. இரண்டு பேரைச் சேர்த்துவைப்பார். அல்லது, இந்தக் கதையில், பிரித்துவைப்பார். காரியம் முடிந்ததும் தான் மட்டும் மாறாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். கச்சா எண்ணெயில் நீளநீளமான மூலக்கூறுகள் நிறைய. அவை பெட்ரோல் ஆகாது, கனமான எண்ணெயாகக் கிடக்கும். அவற்றை உடைத்தால் பெட்ரோல். வெறும் சூட்டால் அடித்து உடைப்பதை 1913லேயே அமெரிக்காவில் ஆரம்பித்துவிட்டார்கள். ஹூட்ரியின் களிமண் அதே வேலையை நேர்த்தியாகச் செய்தது. எண்ணெய் ஆவி மண்ணின் ஓட்டைகளுக்குள் நுழைந்து, சுவரில் ஒட்டி, உடைந்து, நல்ல ஆக்டேனோடு வெளியே வந்தது.

ஒரே ஒரு கஷ்டம். உடையும்போது கொஞ்சம் கரி மிஞ்சும். பத்து நிமிஷத்தில் ஓட்டைகள் எல்லாம் அடைத்துக்கொண்டுவிடும். இன்னொருவராக இருந்தால் மண்ணைத் தூக்கி எறிந்திருப்பார். ஹூட்ரி காற்றை ஊதிக் கரியை எரித்தார். மண் பழையபடி சுத்தம். எரிகிற சூடும் வீணாகவில்லை, அடுத்த ஈடுக்கு ஆயிற்று. நம் வீடுகளில் சாம்பலை வாரிவிட்டு அடுப்பை மறுபடி மூட்டுவார்களே, அந்த மாதிரி.

பிரான்சில் காசு போடுவாரில்லை. 1930ல் அமெரிக்காவின் வாக்வம் ஆயில் கம்பெனி கூப்பிட்டது. போனார். அடுத்து சன் ஆயில் சேர்ந்துகொண்டது. 1937ல் பென்சில்வேனியாவில் மார்க்கஸ் ஹூக் ஆலை ஓட ஆரம்பித்தது. 1940க்குள் இந்த முறையில் பதினான்கு ஆலைகள். தினசரி 1,40,000 பீப்பாய். நேரத்தைப் பாருங்கள். ஐரோப்பாவில் போர் ஆரம்பித்துவிட்டது. போர் விமானத்துக்கு உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். போரின் முதல் இரண்டு வருஷங்களில், கிரியா ஊக்கியால் உடைத்துத் தயாரான விமானப் பெட்ரோலில் நூற்றுக்குத் தொண்ணூறு ஹூட்ரி முறையில் வந்தது. அதே சமயம் ஹூட்ரி, ஹிட்லருக்குப் பணிந்த விஷி அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு, டி காலுக்கு அமெரிக்காவில் ஆதரவு திரட்டிக்கொண்டிருந்தார். விஷி அரசு 1941ல் அவருடைய குடியுரிமையைப் பறித்தது. 1942ல் அவர் அமெரிக்கர் ஆனார்.

1942ல் இன்னொன்றும் நடந்தது. ஹூட்ரிக்கு ராயல்டி கொடுக்க மனசில்லாத நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில், மண்ணை மாவாக்கி, எண்ணெய் ஆவியோடு சேர்த்துக் காற்றில் பறக்கவிட்டு, ஒரு பாத்திரத்தில் வேலை வாங்கி, இன்னொரு பாத்திரத்தில் கரியை எரித்துத் திருப்பி அனுப்புகிற ஆலையை லூசியானாவின் பேட்டன் ரூஜில் ஓட்டிக் காட்டியது. இன்றுவரை உலகத்தின் பெரிய ஆலைகளில் அந்த முறைதான். களிமண்ணின் இடத்தில் 1960களில் ஜியோலைட் வந்து உட்கார்ந்தது. ஓட்டைகள் எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரே சைஸில் இருக்கிற படிகம். மோபில் கம்பெனியின் பிளாங்க், ரோசின்ஸ்கி இருவரின் கைவண்ணம்.

சரி, பிளாட்டினம் எங்கே? அதற்கு இரண்டாவது ஆள் வரவேண்டும்.

விளாடிமிர் ஹேன்ஸல். 1914ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில் பிறந்து மாஸ்கோவில் வளர்ந்தவர். அப்பா பொருளாதாரப் பேராசிரியர். சோவியத் நாட்டில் காற்று சரியில்லை என்று 1928ல் குடும்பம் கிளம்பிவிட்டது. 1930ல் அமெரிக்கா. படித்து முடித்து 1937ல் யுனிவர்சல் ஆயில் புராடக்ட்ஸில் வேலைக்குச் சேர்ந்தார்.

அவர் எடுத்துக்கொண்ட பிரச்னை வேறு. மூலக்கூறு பெட்ரோல் சைஸில்தான் இருக்கிறது, ஆனால் குணம் மட்டம். இதுதான் நாஃப்தா. இதை உடைக்கக்கூடாது, திருத்தவேண்டும். நேராக நிற்கிறவனை வளைத்து வளையமாக்கி, கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜனைக் கழற்றிவிட்டால் ஆக்டேன் எகிறும். ஈயமே இல்லாமல் எகிறும். இதை அழகாகச் செய்யக்கூடிய உலோகம் பிளாட்டினம் என்பது வேதியியல் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. காரணம், விலை. அன்றைக்குத் தங்கத்தைவிட விலை அதிகம். நாளைக்கு ஆயிரக்கணக்கான பீப்பாய் ஓடுகிற ஆலையில் பிளாட்டினத்தைக் கொட்டுவதா?

நான் படித்தது பி.காம். ஆகவே ஹேன்ஸலின் வேதியியலைவிட அவர் போட்ட கணக்குதான் என்னை அதிகம் கவர்கிறது. பிளாட்டினம் செலவு அல்ல ஐயா, முதல். எரிந்துபோகிற கரியா அது? கிரியா ஊக்கி தீராது. ஆக இரண்டு கேள்விகள்தான். எவ்வளவு குறைவாகப் போட்டால் போதும்? எத்தனை நாள் உழைக்கும்?

முதல் கேள்விக்கு விடை ஓட்டையில் இருந்தது. ஒரு பிளாட்டினக் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை செய்வது மேல்தோல் மட்டும். உள்ளே இருக்கிற அணுக்கள் எல்லாம் வட்டி இல்லாமல் பீரோவில் தூங்குகிற பணம். கட்டியை நொறுக்க நொறுக்க மேல்தோல் கூடும். பத்து நானோமீட்டர் துணுக்கில் பத்தில் ஒரு அணுதான் வெளியே தெரியும். ஒரு நானோமீட்டர் அளவுக்குப் பொடித்தால் பாதிக்கு மேல் வெளியே வந்துவிடும். ஒரு நானோமீட்டர் என்பது உங்கள் தலைமுடியின் பருமனில் சுமார் எண்பதாயிரத்தில் ஒரு பங்கு. சில பத்து அணுக்கள் கூடி உட்கார்ந்தால் அதுதான் துணுக்கு. நானோ என்கிற வார்த்தை ஃபேஷன் ஆவதற்குப் பல வருஷம் முன்னால், அந்த வார்த்தை இல்லாமலேயே இந்த வேலையைச் செய்தார்கள்.

ஆனால் அவ்வளவு பொடியானதை எங்கே வைப்பது? அங்கேதான் அலுமினா. கையில் எடுத்தால் வெள்ளைக் குருணை. உள்ளே முழுக்க முழுக்கக் கறையான் புற்று. ஒரு கிராம் அலுமினாவின் உள்சுவர்களைப் பிரித்து விரித்தால் சுமார் 200 சதுர மீட்டர். நம் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு கிரவுண்ட்! ஒரு சிட்டிகைப் பொடிக்குள் வீடு கட்ட இடம். பிளாட்டினம் கரைந்த நீரில் இதை ஊறவைத்து, காயவைத்து, சூடாக்கினால் அந்த ஒரு கிரவுண்டில் துணுக்குகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குடியேறிவிடும். நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிளாட்டினம் போதும்.

இரண்டாவது கேள்விதான் ரத்தம் குடித்தது. உழைக்குமா?

ஆலைக்குள் சுமார் 500 டிகிரி சூடு. பிளாட்டினம் உருக 1,768 டிகிரி வேண்டும். ஆக உருகாது. ஆனால் சூட்டில் அணுக்கள் சும்மா இருக்காது. மெல்ல நகரும். சின்னத் துணுக்கு பெரியதோடு ஒட்டிக்கொள்ளும். மழைத்துளிகள் கண்ணாடியில் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து வழிகிறதே, அதேதான். போட்ட பிளாட்டினம் அப்படியே இருக்கும், எடை குறையாது. மேல்தோல் மட்டும் காணாமல் போய்விடும். மறுபடி பீரோவில் பணம். புற்றின் சுவர் செய்கிற பெரிய உதவி, துணுக்குகளைப் பிடித்துவைத்து ஒன்றையொன்று எட்டவிடாமல் பார்த்துக்கொள்வது. இது ஒரு எதிரி. இன்னொன்று கரி. ஹைட்ரஜனை அழுத்தத்தில் ஓடவிட்டுக் கரி படிவதை அடக்கினார் ஹேன்ஸல். மூன்றாவது எதிரி கந்தகம். பிளாட்டினத்தின் தோலில் ஒட்டிக்கொண்டால் வேலை நின்றுவிடும். எண்ணெயை முன்கூட்டியே சுத்தம் செய்தால் தப்பிக்கலாம்.

1949ன் கடைசியில் மிச்சிகன் மாநிலத்து மஸ்கீகனில் ஓல்ட் டச் ரிஃபைனிங் என்கிற சின்னக் கம்பெனி முதல் ஆலையை ஓட்டியது. பிளாட்ஃபார்மிங் என்று பெயர் வைத்தார்கள். பெரிய கம்பெனிகள் வேடிக்கை பார்த்தன. அப்புறம் வரிசையில் நின்றன. 1960களின் கடைசியில் பிளாட்டினத்தோடு ரீனியம் என்கிற உலோகத்தையும் சேர்த்தால் இன்னும் நீண்டநாள் தாங்கும் என்று செவ்ரான் கண்டுபிடித்தது. ஒட்டிப் பெருத்த துணுக்குகளைக் குளோரினும் காற்றும் செலுத்தி மறுபடி பிரித்துக் குடியமர்த்தவும் கற்றுக்கொண்டார்கள். கடைசியில் பொடி ஓய்ந்துவிட்டால்? பிளாட்டினத்தைப் பிரித்தெடுத்துப் புதுப் பொடியில் போட்டுவிடலாம். முதல் அப்படியே இருக்கிறது. ஹேன்ஸல் கணக்கு தப்பவில்லை.

ஆக, 1950களிலேயே ஈயம் இல்லாமல் நல்ல பெட்ரோல் தயாரிக்கிற வழி உலகத்தின் கையில் இருந்தது. விட்டார்களா? இல்லை. ஆலை கட்டுவதைவிட ஒரு டீஸ்பூன் ஈயம் மலிவு.

மறுபடி ஹூட்ரியிடம் வருவோம். போர் முடிந்தது. வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் புகைமூட்டத்தில் திணறுகிறது. ஆராய்ச்சிகள் கார் புகையைக் கைகாட்டின. பெட்ரோல் தயாரித்த மனிதருக்கு உறுத்தியிருக்கவேண்டும். ஆக்ஸி கேட்டலிஸ்ட் என்று கம்பெனி ஆரம்பித்து, சைலன்ஸருக்குள் பிளாட்டினப் பொடியை வைத்துப் புகையைச் சுத்தம் செய்யும் கருவியை உருவாக்கினார். 1956ல் காப்புரிமை கிடைத்தது. கருவி அருமையாக வேலை செய்தது. காரில் மட்டும் செய்யவில்லை.

ஏனென்றால் காரின் பெட்ரோலில் ஈயம். புகையோடு வந்து, துணுக்குகளின்மேல் பூசிக்கொண்டு, ஓட்டைகளையும் அடைத்து, பொடியைக் கொன்றுவிட்டது. கரியை எரிக்கலாம். ஈயத்தை எரிக்கமுடியாது. 1962ல் ஹூட்ரி காலமானார். ஒரு காரில்கூட அவர் கருவி நிலைக்கவில்லை.

எட்டு வருஷம் கழித்துக் காட்சி மாறியது. 1970ல் அமெரிக்காவில் சுத்தக் காற்றுச் சட்டம். 1975 மாடல் கார்களின் புகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நஞ்சு குறையவேண்டும். வேறு வழியே இல்லை, ஹூட்ரியின் கருவி வேண்டும். அது வேண்டுமென்றால் ஈயம் போகவேண்டும். இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் எட் கோல். ஈயத்தைப் பெற்றெடுத்த அதே ஜெனரல் மோட்டார்ஸ். எத்தில் கம்பெனியை 1962லேயே விற்றுக் கை கழுவியிருந்தார்கள்.

1974 ஜூலையிலிருந்து அமெரிக்கப் பெட்ரோல் பங்குகளில் ஈயம் இல்லாத பெட்ரோல் கட்டாயம் ஆயிற்று. குழந்தைகளின் உடல்நலத்துக்காக ஈயத்தைக் குறைக்கச் சொன்ன விதியை எதிர்த்துக் கம்பெனிகள் கோர்ட்டில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. கருவிக்காகக் கொண்டுவந்த விதி போய்க்கொண்டே இருந்தது. குழந்தையின் மூளைக்குக் கிடைக்காத அவசரம், காரின் சைலன்ஸருக்குக் கிடைத்தது. கசப்பான விஷயம்தான். ஆனால் பலன் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்தது. 1976க்கும் 1991க்கும் நடுவில் அமெரிக்கர்களின் ரத்தத்தில் சராசரி ஈயம் டெசிலிட்டருக்கு 12.8 மைக்ரோகிராமிலிருந்து 2.8 ஆக இறங்கியது. சுமார் 78 சதவிகிதம் சரிவு. பெயின்ட், உணவு டப்பா இவற்றிலும் ஈயத்தைக் குறைத்தார்கள் என்றாலும், பெரும்பங்கு பெட்ரோலுக்கு.

ஈயம் போன இடத்தில் ஆக்டேனை யார் கொடுத்தது? பெரிய அளவில் ஹேன்ஸலின் பொடி. ஆலையில் ஒரு பிளாட்டினம், சைலன்ஸரில் ஒரு பிளாட்டினம். நடுவில் மாட்டிக்கொண்டு ஈயம் நசுங்கியது.

நம் ஊருக்கு அந்தக் காற்று 1995 ஏப்ரல் 1ல் வந்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதுப் பெட்ரோல் கார்களுக்குக் கருவி கட்டாயம். பங்குகளில் 'அன்லெடட்' என்று தனி பம்ப் முளைத்தது. 2000 பிப்ரவரி 1லிருந்து நாடு முழுக்க ஈயம் இல்லாத பெட்ரோல்தான். உலகத்தில் கடைசியாகக் காரில் ஈயத்தை விட்டது அல்ஜீரியா. 2021 ஜூலை. மிட்ஜ்லி கண்டுபிடித்து நூறு வருஷம். சின்ன ரக பிஸ்டன் விமானங்களில் மட்டும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பொடியின் கதை முடியவில்லை. துணுக்குகள் ஒட்டிக்கொள்ளும் வியாதிக்கு இன்றைக்கும் வைத்தியம் பார்க்கிறார்கள். ஜியோலைட்டின் கூண்டுக்குள்ளேயே பிளாட்டினத்தை வளர்த்து, வெளியே வரமுடியாமல் பூட்டுகிறார்கள். சீரியம் ஆக்ஸைடைப் பக்கத்தில் வைத்து, ஓடுகிற பிளாட்டின அணுக்களைத் தனித்தனியாகப் பிடித்துக் கட்டிப்போடலாம் என்று 2016ல் அமெரிக்காவில் காட்டினார்கள். உலோகமும் கரிமச் சட்டமும் பின்னிய புதுவகை ஓட்டைப் பொருள்களை உருவாக்கியதற்காக 2025ல் கிட்டகாவா, ராப்ஸன், யாகி மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. அந்தக் கூண்டுகளைப் பக்குவமாகச் சுட்டால், உள்ளே இருக்கும் உலோகம் நானோ துணுக்குகளாகப் பிரிந்து கரிச்சுவருக்குள் பத்திரமாகப் பதிகிறது. ஹேன்ஸலின் இரண்டு கேள்விகள்தான் இங்கேயும். எவ்வளவு குறைவாக? எத்தனை நாள்?

ஹேன்ஸல் 2002 வரை வாழ்ந்தார். ஈயம் போவதைக் கண்ணால் பார்த்தார். ஹூட்ரிக்கு அது கொடுத்துவைக்கவில்லை.